நியூ ஜெர்சியில் சட்டப்படி விளையாட்டுப் பந்தயம்: கணக்குத் திறப்பதிலிருந்து வரி கட்டுவது வரை

எடிசன், ஐசலின், ஜெர்சி சிட்டி பக்கம் இருக்கும் நம்மவர்கள் பலருக்கு ஐபிஎல் தொடங்கினால் இந்தக் கேள்வி வந்துவிடும்: போனிலேயே பந்தயம் கட்டுகிறார்களே, இது இங்கே சட்டப்படி சரிதானா? சரிதான். உங்களுக்கு 21 வயது ஆகியிருக்க வேண்டும், கட்டும் அந்த நேரத்தில் நீங்கள் நியூ ஜெர்சி எல்லைக்குள் இருக்க வேண்டும், மாநில உரிமம் உள்ள நிறுவனத்திடம் கட்ட வேண்டும், அவ்வளவுதான். ஆனால் சட்டப்படி சரி என்றால் உங்களுக்குச் சாதகமானது என்று அர்த்தமில்லை. சட்டம் உங்களுக்குத் தருவது மூன்று: ஜெயித்தால் பணம் கைக்கு வரும் என்ற உத்தரவாதம், தகராறு வந்தால் முறையிட ஓர் இடம், உங்களை நீங்களே தடுத்துக்கொள்ளச் சில பூட்டுகள். பலர் இந்த மூன்றையும் கண்டுகொள்ளாமல் போனஸ் விளம்பரத்தை மட்டும் பார்த்துக் கணக்குத் திறக்கிறார்கள். அதனால்தான் இதை இவ்வளவு நீளமாக எழுதுகிறேன்.

இது எப்படி வந்தது

1992-ல் அமெரிக்க காங்கிரஸ் ஒரு சட்டம் போட்டு, நெவாடா போன்ற சில இடங்களைத் தவிர மற்ற மாநிலங்கள் விளையாட்டுப் பந்தயத்தை அனுமதிக்கக் கூடாது என்று கட்டிவைத்தது. அட்லாண்டிக் சிட்டி சூதாட்ட விடுதிகள் படுத்துக்கொண்டிருந்த நேரத்தில், 2011-ல் நியூ ஜெர்சி வாக்காளர்கள் பந்தயம் வேண்டும் என்று வாக்களித்தார்கள். கிறிஸ் கிறிஸ்டி ஆளுநராக இருந்தபோது மாநிலம் சட்டம் போட, கல்லூரி விளையாட்டு அமைப்பான என்சிஏஏவும் பெரிய லீக்குகளும் வழக்குப் போட, கீழ் நீதிமன்றங்களில் மாநிலம் திரும்பத் திரும்பத் தோற்றது. கடைசியில் 2018 மே 14 அன்று உச்ச நீதிமன்றம் அந்த 1992 சட்டத்தையே செல்லாது என்று தூக்கிப் போட்டது. இன்று அமெரிக்காவின் பல மாநிலங்களில் பந்தயம் நடக்கிறதென்றால் அதற்குக் கதவைத் திறந்தது நியூ ஜெர்சியின் வழக்குதான்.

ஒரு மாதம் கழித்து, ஜூன் 14 அன்று, ஓஷன்போர்ட்டில் உள்ள மான்மத் பார்க் குதிரைப் பந்தயத் திடலில் அப்போதைய ஆளுநர் பில் மர்ஃபியே முதல் பந்தயம் கட்டினார். ஜெர்மனி கால்பந்து உலகக் கோப்பையை வெல்லும் என்று 20 டாலர், ஐஸ் ஹாக்கி அணியான நியூ ஜெர்சி டெவில்ஸ் ஸ்டான்லி கோப்பையை வெல்லும் என்று 20 டாலர். ஜெர்மனி முதல் சுற்றிலேயே வெளியே போனது, டெவில்ஸ் பிளேஆஃபுக்கே வரவில்லை. நாற்பது டாலரும் போச்சு.

முதலில் பார்க்க வேண்டியது: உரிமம்

மாநிலத்தில் இதைக் கண்காணிப்பது டிஜிஇ என்று சுருக்கமாகச் சொல்லப்படும் சூதாட்ட அமலாக்கப் பிரிவு. மாநில அட்டர்னி ஜெனரல் அலுவலகத்தின் கீழ் வருகிறது. ஒவ்வொரு ஆன்லைன் நிறுவனமும் அட்லாண்டிக் சிட்டி கேசினோ ஒன்றோடோ குதிரைப் பந்தயத் திடல் ஒன்றோடோ இணைந்துதான் இயங்க முடியும். ஃபேன்டூயல், டிராஃப்ட்கிங்ஸ், பெட்எம்ஜிஎம், சீசர்ஸ், ஃபனாடிக்ஸ், பெட்365 எல்லாம் அப்படி உரிமம் பெற்றவை. முழுப் பட்டியல் டிஜிஇ தளத்தில் இருக்கிறது. ஆப்பை இறக்கும் முன் அந்தப் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள், ஒரு நிமிட வேலை.

வாட்ஸ்அப் குழுவில் ‘ஐடி’ கொடுக்கும் ஆள், வேறு நாட்டில் பதிவான கிரிக்கெட் தளம், தெரிந்தவரின் தெரிந்தவர் என்று வரும் புக்கி, இவர்கள் யாரும் அந்தப் பட்டியலில் இருக்க மாட்டார்கள். ஜெயித்த பணத்தைத் தராவிட்டால் கேட்க இடமில்லை என்பது பாதி ஆபத்துதான். விசாவில் இருப்பவர்களுக்கும் கிரீன் கார்டு வைத்திருப்பவர்களுக்கும் மீதிப் பாதி இன்னும் பெரியது. குடியுரிமைக்கு விண்ணப்பிக்கும்போது நன்னடத்தை பார்ப்பார்கள் அல்லவா, அதில் சட்டவிரோதச் சூதாட்டமே முக்கிய வருமானமாக இருப்பவர்களையும், இரண்டு அல்லது அதற்கு மேற்பட்ட சூதாட்டக் குற்றங்களில் தண்டனை பெற்றவர்களையும் குடியேற்றச் சட்டம் பெயர் சொல்லியே விலக்குகிறது. சட்டப்படியான ஆப்பில் இருபது டாலர் கட்டுவது அந்த வகையில் வராது. புக்கியிடம் பணம் வசூலித்துக் கொடுக்கும் ‘உதவி’ வரலாம். தயவுசெய்து அதில் மாட்டிக்கொள்ளாதீர்கள்.

இன்னொரு புது வகையும் வந்திருக்கிறது. ‘கணிப்புச் சந்தை’ என்ற பெயரில் கால்ஷி போன்றவை விளையாட்டு முடிவுகளின் மீது ஒப்பந்தம் விற்கின்றன. அவை தங்களை மத்திய அரசின் கண்காணிப்பில் உள்ள நிதிச் சந்தை என்கின்றன, மாநிலம் ஒத்துக்கொள்ளவில்லை, 2025-லிருந்து நீதிமன்றத்தில் மோதல். சட்டம் பக்கம் யார் ஜெயித்தாலும், நான் கீழே சொல்லப்போகும் டிஜிஇ பாதுகாப்புகள் அங்கே கிடையாது என்பதை மனதில் வையுங்கள்.

கணக்குத் திறப்பது

முழுப் பெயர், பிறந்த தேதி, முகவரி, சோஷியல் செக்யூரிட்டி எண்ணின் கடைசி நான்கு இலக்கம் கேட்பார்கள். பெரும்பாலானவர்களுக்குச் சில நிமிடங்களில் முடிந்துவிடும். நம்மவர்களுக்குத்தான் பெயரில் சிக்கல் வரும். அப்பா பெயரை இனிஷியலாக வைத்திருப்பவருக்கு பாஸ்போர்ட்டில் ஒரு வரிசை, டிரைவிங் லைசென்ஸில் இன்னொரு வரிசை, வங்கியில் மூன்றாவது வரிசை. குடும்பப் பெயர் இல்லாமல் விசா வாங்கியவர்களுக்குப் பெயருக்கு முன்னால் எஃப்என்யூ (முதல் பெயர் தெரியவில்லை என்பதன் ஆங்கிலச் சுருக்கம்) என்ற மூன்று எழுத்து ஒட்டிக்கொண்டிருக்கும். பந்தய நிறுவனம் சரிபார்ப்பது பெரும்பாலும் கடன் வரலாற்றுத் தரவுகளோடு. அதனால் சோஷியல் செக்யூரிட்டி அட்டையில் எப்படி இருக்கிறதோ அப்படியே கொடுங்கள், பணம் போட்டு எடுக்கப்போகும் வங்கிக் கணக்கிலும் அதே பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். பணம் போடும்போது இது தலைகாட்டாது, ஜெயித்து வெளியே எடுக்கும்போதுதான் ஆவணம் கேட்டு நிறுத்துவார்கள்.

ஒருவருக்கு ஒரு நிறுவனத்தில் ஒரே கணக்கு. மனைவி பெயரில் திறந்து கணவர் ஆடுவது, நண்பருக்காகக் கட்டிக் கொடுப்பது எல்லாம் விதிமீறல், கண்டுபிடித்தால் கணக்கை முடக்குவார்கள். சென்னையில் இருக்கும் மச்சான் “எனக்கும் ஒரு நூறு டாலர் போடு” என்று கேட்டால் முடியாது என்று சொல்லுங்கள். இங்கே அது விதிமீறல், அங்கே 2025-ல் வந்த மத்திய சட்டம் பணம் வைத்து ஆடும் ஆன்லைன் விளையாட்டுகளையே தடை செய்திருக்கிறது.

எந்த இடத்தில் நின்று கட்டுகிறீர்கள்

வசிக்கும் முகவரி முக்கியமில்லை. பென்சில்வேனியாவில் வீடு இருந்தாலும் நியூ ஜெர்சிக்குள் நின்றால் கட்டலாம், எடிசனில் வீடு இருந்தாலும் மன்ஹாட்டன் ஆபிஸில் உட்கார்ந்து நியூ ஜெர்சி கணக்கில் கட்ட முடியாது. போனின் ஜிபிஎஸ், வைஃபை, செல் கோபுரம் எல்லாவற்றையும் வைத்து ஆப் இடத்தைச் சரிபார்த்துக்கொண்டே இருக்கும். விபிஎன் போட்டிருந்தால், கணினியில் ரிமோட் டெஸ்க்டாப் மென்பொருள் ஓடிக்கொண்டிருந்தால்கூட மறுத்துவிடும். ஆபிஸ் லேப்டாப்பில் இது ஒத்துவராததற்கு அதுதான் காரணம், ஒரு வகையில் நல்லதும்கூட.

2022 ஜனவரி 8 அன்று நியூயார்க்கில் மொபைல் பந்தயம் தொடங்கும்வரை, அங்கிருந்து மக்கள் பாத் ரயில் பிடித்து ஹோபோக்கன் வந்து, ஸ்டேஷனில் நின்றபடியே போனில் கட்டிவிட்டு அடுத்த ரயிலில் திரும்பிப் போவார்கள். சிலர் ஜார்ஜ் வாஷிங்டன் பாலத்தில் சைக்கிளில் வந்து, பாலம் முடியும் இடத்தில் நின்று கட்டிவிட்டுத் திரும்புவார்கள்.

போன் வேண்டாம் என்றால் அட்லாண்டிக் சிட்டி கேசினோக்கள், மான்மத் பார்க், ஈஸ்ட் ரதர்ஃபோர்டில் உள்ள மெடோலண்ட்ஸ் ஆகிய இடங்களில் நேரில் கட்டலாம். ரொக்கத்தை எடுத்துக்கொண்டு அவ்வளவு தூரம் போய்க் கட்டுபவர் நிதானமாகத்தான் கட்டுவார் என்பது என் அபிப்பிராயம்.

பணம் போடும் முன் வரம்பு போடுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு படியைத்தான் செய்வீர்கள் என்றால் இதைச் செய்யுங்கள். டெபாசிட்டுக்கும், செலவுக்கும், ஆடும் நேரத்துக்கும் வரம்பு வைக்கும் வசதி ஒவ்வொரு ஆப்பிலும் இருந்தாக வேண்டும் என்பது நியூ ஜெர்சி விதி. வரம்பைக் குறைத்தால் உடனே அமலுக்கு வரும். கூட்டினால் வராது, ஏற்கெனவே வைத்த காலம் முடியும்வரை காத்திருக்க வேண்டும். அதாவது மாத வரம்பு 100 டாலர் என்று வைத்துவிட்டால், இரவு பதினொரு மணிக்குத் தோற்ற வேகத்தில் அதை 500 ஆக்க முடியாது. பணம் போட்ட பிறகு, ஒரு பந்தயம் தோற்ற பிறகு, யாரும் இந்தப் பக்கத்தைத் திறப்பதில்லை. அதனால்தான் முதலிலேயே செய்யச் சொல்கிறேன்.

உங்கள் மொத்த டெபாசிட் 2,500 டாலரைத் தாண்டினால், பொறுப்பாக ஆடுவது பற்றிய அறிவிப்பைப் படித்து ஒப்புக்கொள்ளாமல் மேலே போக முடியாது. அந்தத் திரையை அவசரமாகத் தட்டிவிட்டுப் போகாதீர்கள். இதுவரை எவ்வளவு போட்டிருக்கிறீர்கள் என்று நின்று பார்க்க அது நல்ல இடம்.

பணம் போட வங்கிக் கணக்கு, டெபிட் கார்டு, பேபால் எல்லாம் உண்டு. கிரெடிட் கார்டு வேண்டவே வேண்டாம். ஏற்றுக்கொள்ளும் இடத்திலும் பல வங்கிகள் அதை ரொக்கக் கடனாகக் கணக்கிட்டு, அன்றிலிருந்தே வட்டியும் தனிக் கட்டணமும் போடும்.

எண்களைப் படிப்பது

அமெரிக்க ஆட்ஸ், அதாவது பந்தய விலை, முதலில் குழப்பும். அமெரிக்கக் கால்பந்து ஆட்டம் ஒன்றில் கௌபாய்ஸ் அணிக்கு -150, ஜெயன்ட்ஸ் அணிக்கு +130 என்று இருக்கிறது என்று வையுங்கள். மைனஸ் என்றால் 100 ஜெயிக்க எவ்வளவு கட்ட வேண்டும், பிளஸ் என்றால் 100 கட்டினால் எவ்வளவு ஜெயிக்கலாம். கௌபாய்ஸ் மீது 150 கட்டினால் 100 லாபம், ஜெயன்ட்ஸ் மீது 100 கட்டினால் 130 லாபம். இதைச் சதவீதமாக மாற்றினால் கௌபாய்ஸ் 60, ஜெயன்ட்ஸ் 43.5. கூட்டினால் 103.5 வருகிறது. நூறுக்கு மேல் இருக்கும் அந்த மூன்றரைதான் நிறுவனம் எடுத்துக்கொள்ளும் கமிஷன். எந்த ஆட்டத்தையும் இப்படிக் கூட்டிப் பாருங்கள், நூறைவிட எவ்வளவு அதிகமோ அவ்வளவுக்கு உங்களுக்கு மோசம்.

ஸ்ப்ரெட் என்பது எத்தனை புள்ளி வித்தியாசத்தில் ஜெயிக்கும் என்பது, டோட்டல் என்பது இரண்டு அணிகளும் சேர்ந்து எடுக்கும் புள்ளி கூடவா குறைவா என்பது. இவை இரண்டும் பெரும்பாலும் இருபக்கமும் -110. நூறு பந்தயம், ஒவ்வொன்றுக்கும் 110 டாலர், சரியாகப் பாதி ஜெயிக்கிறீர்கள். ஜெயித்தது 5,000, தோற்றது 5,500, ஆக 500 டாலர் நஷ்டம். 52 ஜெயித்தாலும் 80 டாலர் நஷ்டம்தான். 53 ஜெயித்தால்தான் 130 டாலர் லாபம் என்று தலைகாட்டும். நூற்றுக்கு 53 சொல்வதற்குள் மூச்சு முட்டிவிடும், அதைத் தொழிலாகச் செய்பவர்களுக்கே.

அதே பந்தயம் வேறு ஆப்பில் -105-க்குக் கிடைத்து, ஒவ்வொன்றுக்கும் 105 டாலர் கட்டினால் அந்த 500 டாலர் நஷ்டம் 250 ஆகிவிடும். இரண்டு மூன்று ஆப்பில் விலையை ஒப்பிட்டுவிட்டுக் கட்டுவதுதான் சாதாரண மனிதர் கையில் இருக்கும் ஒரே நிஜமான சாதகம். அமெரிக்கக் கால்பந்து லீக்கான என்எஃப்எல்லில் இது இன்னும் முக்கியம். அங்கே ஆட்டங்கள் அதிகமாக முடிவது 3 புள்ளி வித்தியாசத்தில், அதனால் -2.5 ஸ்ப்ரெட்டுக்கும் -3.5 ஸ்ப்ரெட்டுக்கும் நடுவில் ஒரு புள்ளிதான் என்று அலட்சியமாக இருக்கக் கூடாது.

பார்லே, ஆப் உங்களை இழுக்கும் இடம்

பல பந்தயங்களை ஒன்றாகக் கோத்து, எல்லாம் பலித்தால் பெரிய தொகை. ஆப் திறந்தவுடன் முகப்பில் தெரிவது இதுதான், ஏனென்றால் நிறுவனத்துக்கு அதிகம் மிஞ்சுவதும் இதில்தான். -110 விலையில் நான்கு பந்தயத்தைக் கோத்தால் 13.28 மடங்கு தருவார்கள். ஒவ்வொன்றும் பாதிக்குப் பாதி வாய்ப்பு என்றால் நான்கும் பலிக்க 16-ல் ஒரு வாய்ப்பு, நியாயமாக 16 மடங்கு தர வேண்டும். வித்தியாசம் 17 சதவீதம். தனிப் பந்தயத்தில் நான்கரை சதவீதமாக இருந்த கமிஷன் இங்கே பதினேழாக வளர்ந்துவிட்டது. ஒரே ஆட்டத்துக்குள்ளேயே கோக்கும் பார்லேவில் விலையை அவர்களே நிர்ணயிப்பதால் உங்களால் இப்படிக் கணக்குப் போட்டுப் பார்க்கவே முடியாது.

போனஸும் அப்படித்தான். “நூறு டாலர் இலவசம்” என்பதில் அந்த நூறு உங்கள் கைக்கு வராது. ஜெயித்தால் லாபம் மட்டும் வரும். -110-ல் போட்டால் பாதி வாய்ப்பில் 91 டாலர், அதாவது அந்த ‘நூறின்’ மதிப்பு சுமார் 45. அதைப் பெற உங்கள் சொந்தப் பணம் எவ்வளவு போட வேண்டும், எத்தனை நாளில் காலாவதியாகும் என்பதைப் படித்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கிரிக்கெட்டும், கட்டக்கூடாத ஆட்டங்களும்

கிரிக்கெட்டும் இங்கே உண்டு. ஐபிஎல் மாலை ஆட்டம் இந்திய நேரம் ஏழரை என்றால் நமக்குக் காலை பத்து, ஆபிஸ் மீட்டிங் நடக்கும் நேரம். அதனால் பலர் போனில் ஒரு கண் வைத்தபடி ஓவருக்கு ஓவர் கட்டுகிறார்கள். இது வேண்டாம் என்று அழுத்திச் சொல்வேன். நீங்கள் பார்க்கும் ஸ்ட்ரீமிங் பல நொடிகள் தாமதம், நிறுவனத்துக்கோ மைதானத்திலிருந்து நேரடியாகத் தகவல் போகிறது. பௌலர் ஓடி வருவதை நீங்கள் பார்க்கும்போது அங்கே விக்கெட் விழுந்து முடிந்திருக்கும். ஆட்டத்துக்கு முன்பே கட்டுவதாக இருந்தாலும் மழை வந்தால் என்ன, சூப்பர் ஓவர் கணக்கில் சேருமா என்பதை அந்த நிறுவனத்தின் விதிகளில் பாருங்கள், இடத்துக்கு இடம் மாறும்.

நியூ ஜெர்சிக் கல்லூரி அணிகள் எங்கே ஆடினாலும் அந்த ஆட்டத்தின் மீது கட்ட முடியாது. நியூ ஜெர்சி மண்ணில் நடக்கும் மற்றக் கல்லூரி ஆட்டங்களுக்கும் பொதுவாகக் கட்ட முடியாது. ரட்கர்ஸ், பிரின்ஸ்டன், சீட்டன் ஹால் எல்லாம் வெளியே. 2021 நவம்பரில் இந்தத் தடையை நீக்கலாமா என்று வாக்கெடுப்பு நடத்தினார்கள், மக்கள் வேண்டாம் என்றார்கள். நான்கே மாதத்தில் ஜெர்சி சிட்டியின் குட்டிக் கல்லூரியான செயின்ட் பீட்டர்ஸ், தன் பிரிவின் 16 அணிகளில் 15-ஆம் இடத்தில் வைக்கப்பட்டிருந்தும் தேசியக் கல்லூரிக் கூடைப்பந்துப் போட்டியில் கடைசி எட்டுக்குள் போய் நாட்டையே வாய்பிளக்க வைத்தது. சொந்த மாநிலத்தில் ஒருவரும் அந்த அணி மீது சட்டப்படி ஒரு டாலர் கட்ட முடியவில்லை. மாணவர்களைப் பந்தயக்காரர்களின் நெருக்கடியிலிருந்து தள்ளி வைக்கும் இந்தத் தடை இருப்பதே நல்லது என்று நினைக்கிறேன். பள்ளி விளையாட்டுகளுக்கும் அனுமதி இல்லை.

தகராறு வந்தால்

2018 செப்டம்பரில் மெடோலண்ட்ஸில் ஒருவர் ஆட்டம் முடியும் தறுவாயில் டென்வர் பிராங்கோஸ் மீது 110 டாலர் கட்டினார். கணினிக் கோளாறில் திரையில் விலை 750-க்கு 1 என்று வந்திருந்தது, சீட்டில் 82,000 டாலருக்கு மேல் அச்சாகிவிட்டது. பிராங்கோஸ் ஜெயித்தது. தெளிவான பிழை என்று சொல்லி ஃபேன்டூயல் முதலில் மறுத்தது, டிஜிஇ விசாரிக்கத் தொடங்கியது, சில நாளில் நிறுவனம் முழுத் தொகையையும் கொடுத்தது. எல்லோருக்கும் இப்படி நடக்காது, பிழையான விலையை ரத்து செய்யலாம் என்று விதிகளில் எழுதியே வைத்திருக்கிறார்கள். ஆனால் கேட்க ஓர் இடம் இருந்தது என்பதைக் கவனியுங்கள்.

உங்களுக்குப் பிரச்சினை வந்தால் பந்தயச் சீட்டு எண், ஸ்கிரீன்ஷாட், நேரம் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொண்டு முதலில் நிறுவனத்துக்கு எழுத்தில் புகார் கொடுங்கள். பதில் திருப்தி இல்லையென்றால் டிஜிஇ தளத்தில் இருக்கும் புகார் படிவத்தை நிரப்புங்கள். போனில் கத்திப் பயனில்லை, எழுத்தில் இருப்பதுதான் நிற்கும்.

வரி

ஜெயித்த பணம் எவ்வளவு சிறியதானாலும் வருமானம்தான். கட்டியதைப் போல் 300 மடங்காவது ஜெயித்தால்தான் சூதாட்ட வருமானத்தைக் காட்டும் டபிள்யூ-2ஜி படிவம் வரும், அதனால் பெரும்பாலானவர்களுக்குப் படிவமே வராது. வரவில்லை என்பதற்காகக் காட்டாமல் இருக்கக் கூடாது.

மத்திய வரியில் தோற்றதைக் கழிக்க வேண்டுமானால் கழிவுகளைத் தனித்தனியாகக் காட்ட வேண்டும், ஸ்டாண்டர்டு டிடக்‌ஷன் எடுப்பவர்களுக்குக் கழிவு கிடையாது. 2025-ல் வந்த சட்டப்படி 2026-லிருந்து தோற்றதில் 90 சதவீதம்தான் கழிக்கலாம். வருடத்தில் 10,000 ஜெயித்து 10,000 தோற்றவர் கையில் ஒரு பைசா இல்லை, ஆனாலும் 1,000 டாலருக்கு வரி கட்ட வேண்டும். நியூ ஜெர்சி வரியில் அதே வருடத்து நஷ்டத்தை லாபத்திலிருந்து கழித்து மிச்சத்தைக் காட்டலாம், கணக்கு வைத்திருந்தால்.

எஃப்-1 மாணவர்கள் கவனிக்கவும். வந்து முதல் ஐந்து காலண்டர் ஆண்டுகள் நீங்கள் பொதுவாக வரிக்கு வெளிநாட்டவர். ஜெயித்ததற்கு 30 சதவீதம், தோற்றதைக் கழிக்க வழியே இல்லை. அந்தக் கணக்கில் பந்தயம் என்பது உங்களுக்கு எந்த வகையிலும் கட்டுப்படியாகாது, உபகாரச் சம்பளத்தையோ ஊரிலிருந்து அப்பா அனுப்பும் பணத்தையோ இதில் போடாதீர்கள். ஆண்டு முடிந்ததும் ஜனவரியில் ஒவ்வொரு ஆப்பிலிருந்தும் அந்த ஆண்டின் முழுக் கணக்கை இறக்கி வைத்து வரி பார்ப்பவரிடம் கொடுங்கள்.

நிறுத்த வேண்டும் என்று தோன்றினால்

ஆப்பிலேயே குறைந்தது 72 மணி நேரத்துக்குக் கணக்கை நிறுத்தி வைக்கலாம். அது போதாது என்றால் டிஜிஇயின் சுயவிலக்குப் பட்டியல் இருக்கிறது. ஆன்லைனிலேயே பதிவு செய்யலாம், ஓராண்டு அல்லது ஐந்தாண்டு. ஒரு முறை பதிந்தால் மாநிலத்தில் உரிமம் உள்ள எல்லா ஆப்பும் மூடிக்கொள்ளும், காலம் முடிவதற்குள் மனம் மாறினாலும் திறக்காது, எப்படியோ புகுந்து ஆடி ஜெயித்தாலும் அந்தப் பணம் கிடைக்காது. நம் வீடுகளில் இந்தப் பிரச்சினை வெளியே வருவதற்குள் கிரெடிட் கார்டு, நண்பர்களிடம் கைமாற்று, சீட்டுப் பணம் என்று எல்லாம் கரைந்திருக்கும். நாலு பேருக்குத் தெரிந்தால் என்ன நினைப்பார்களோ என்ற பயம்தான் காரணம். பேச வேண்டும் என்றால் 1-800-426-2537 என்ற எண் இருபத்துநாலு மணி நேரமும் இயங்குகிறது, பெயர் சொல்லத் தேவையில்லை. ஆடுபவர் மட்டுமில்லை, அவருடைய மனைவியோ அப்பா அம்மாவோகூட அழைக்கலாம். குடும்பத்தினருக்கென்றே கேம்-அனான் கூட்டங்கள் நியூ ஜெர்சியில் நடக்கின்றன, ஆடுபவர் வர மறுத்தாலும் நீங்கள் தனியாகப் போகலாம்.